தொண்டிக்கு ஆள் அனுப்பிய சபை

யாழ்ப்பாணத்துத் திருச்சபையின் கதையைச் சொல்லச் சொன்னால் நாங்கள் எல்லோரும் 1816 இலிருந்துதான் தொடங்குவோம். அமெரிக்க மிஷனெரிமார் வந்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், அச்சுக்கூடம் நடத்தினார்கள் என்று அடுக்கிக்கொண்டு போவோம். ஞாயிறு பாடசாலையில் நான் படித்தது அதுதான். போதகரானபின் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததும் அதுதான். ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில் நடந்த ஒரு காரியத்தைப் பற்றி எங்கள் பிரசங்க மேடைகளில் பேசுவோர் மிகக் குறைவு. 1900 அளவில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் பிறநாட்டு மிஷன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் சீமையிலே தொண்டி என்ற கரையோர ஊருக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். செலவைத் தாங்களே சேர்த்துக் கொடுத்தார்கள்.

1902 இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற தமிழகத்துத் திருநெல்வேலிக்காரர், அப்போது ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியர், யாழ்ப்பாணத்துக்கு வந்தார். இங்கே கண்டது அவரை உலுக்கிவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். பெரிய ஆலயங்கள், நிறையப் பள்ளிக்கூடங்கள், பல தலைமுறை விசுவாசம் எல்லாம் இருந்தன. இவை ஒன்றிலும் அவர்களுக்கு ஈடில்லாத யாழ்ப்பாணத்துச் சிறு கூட்டமொன்று கடல் தாண்டி ஆள் அனுப்புகிறது, நாங்கள் ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற கேள்வியோடு அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1903 இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணத்தில், இந்தியர் ஊழியத்தில், இந்தியர் நிர்வாகத்தில் நடக்க வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. அதன் ஊழியர்கள் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்குப் போனார்கள். அசரியா தாமே பின்னர் அங்கே போனார். 1912 இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதலாவது இந்தியப் பேராயர் அவர்தான்.

தொண்டி ஊழியத்தைத் தொடங்கிய மாணவர்களில் எவரும் தோர்ணக்கலை நினைத்திருக்க முடியாது. ஒரு மிஷன் எதை விட்டுச் சென்றது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த இடத்தைத்தான். கட்டடங்களையும் காட்டலாம், எனக்கு அவற்றின்மேல் அன்பு உண்டு. ஆனால் வாங்கிய கை கொடுக்கிற கையாக மாறிய நாளில்தான் வந்தவர்களின் வேலை இங்கே வேரூன்றியது. அந்த மாற்றம் காசினால் வருவதில்லை, உபதேசத்தினால் மாத்திரமும் வருவதில்லை. ஐக்கியத்தினால் வருகிறது. ஐக்கியம் என்று நான் சொல்வது கூட்டம் முடிய நின்று கைகுலுக்குவதை அல்ல. ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவதையும், ஒரே மேசையில் இருந்து தீர்மானம் எடுப்பதையும் சொல்கிறேன்.

தொடக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்கர்கள் யாழ்ப்பாணத்தைத் தேடி வந்தவர்கள் அல்ல. 1812 இல் கல்கத்தாவுக்கு வந்த முதற் குழுவைக் கிழக்கிந்தியக் கம்பனி அங்கே இருக்கவிடவில்லை. அந்தக் குழுவில் சாமுவேல் நியூவெல், அவருடைய மனைவி ஹரியற் என்ற இளம் தம்பதி இருந்தார்கள். அலைக்கழிந்து மொறீசியஸ் தீவுக்குப் போகும் வழியில், கப்பலிலே அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்து, சில நாட்களில் இறந்தது. மொறீசியஸில் ஹரியற்றும் இறந்தார். வயது பத்தொன்பது. தனித்துப் போன நியூவெல் 1813 இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். இலங்கையின் தமிழ்ப் பகுதியில் வேலைக்கு இடமுண்டு என்று அவர் எழுதியதன் பேரில்தான் 1816 இல் மற்றவர்கள் வந்தார்கள். பூவரும் வொறனும் தெல்லிப்பழையிலும், மெய்க்ஸும் றிச்சட்ஸும் வட்டுக்கோட்டையிலும் இறங்கினார்கள். கூரை விழுந்து கிடந்த பழைய கிறிஸ்தவக் கோயில் வளவுகள்தான் அவர்களுக்குக் கிடைத்த இடம். வொறன் 1818 இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார், றிச்சட்ஸ் 1822 இல் இங்கேயே இறந்தார். தங்கள் வேலையின் பலனை இருவரும் பார்க்கவில்லை.

நான் இதைச் சொல்வது தியாகிகள் வரிசை ஒன்றைக் கட்டுவதற்கு அல்ல. அந்தத் தியாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஒரு சபை எழும்பியிருக்காது என்பதே என் எண்ணம்.

முதல் வருடங்களில் மிஷன் வளவில் சமைத்த சோற்றை மாணவர்கள் தொடமாட்டார்கள். படிக்க வருவார்கள், தண்ணீர்கூடக் குடியாமல் போவார்கள். பெண் பிள்ளைகளை அனுப்புவதென்றால் அதைவிடக் கஷ்டம். உடுவில் மகளிர் பாடசாலையின் முன்கதையாக எங்கள் மூத்தோர் சொல்லுகிற ஒன்று உண்டு. தையலும் எழுத்தும் பழக வந்துபோன இரண்டு சிறுமிகள், ஒரு நாள் கடும் மழையில் அகப்பட்டு மிஷன் வீட்டில் நின்றுவிட்டார்கள். இருட்டியது. பசி வந்தது. அழுதார்கள். கடைசியில் அங்கே வடித்த சோற்றைச் சாப்பிட்டுப் படுத்தார்கள். விடிய வந்த தகப்பன், “உங்கட வீட்டில சாப்பிட்டிட்டுதுகள், இனி நீங்களே வைச்சுப் பாருங்கோ” என்று விட்டுப் போனாராம். 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய விடுதிப் பாடசாலை அப்படிப்பட்ட பிள்ளைகளால்தான் நிரம்பியது. ஆசியாவிலேயே பெண்களுக்கான விடுதிப் பாடசாலைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதன் அடியில் கிடப்பது ஒரு நேரச் சோறு.

அந்தப் பாடசாலையை நாற்பது வருடமளவில் நடத்தியவர் எலைசா அக்னியூ. 1840 இல் வந்தார். பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பவேயில்லை. 1883 இல் மானிப்பாயில் இறந்தார். தாயைப் படிப்பித்தவர் மகளையும், அந்த மகளின் மகளையும் படிப்பித்தார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். அவர் பெரிய புத்தகம் ஒன்றும் எழுதவில்லை. படித்துக் கல்யாணமாகிப் போன பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பாயில் இருந்து கதைத்தார். உடுவிலுக்கும் வட்டுக்கோட்டைக்கும் இடையில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் பழைய ஆட்களிடம் விசாரித்துப் பாருங்கள், எங்கேயோ ஒரு பூட்டியின் பெயரோடு அவருடைய பெயரும் வரும்.

வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் வந்தார். மானிப்பாயில் அவர் ஆஸ்பத்திரி வைத்து மருத்துவம் படிப்பித்தது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஏன் தமிழில் மருத்துவம் படிப்பித்தார் என்பதை யோசிப்பவர் குறைவு. ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரிலே நிற்பார்கள் என்று அவர் கண்டார். அதனால் உடற்கூறு முதல் சத்திரசிகிச்சை, பிரசவம், இரசாயனம் வரையான நூல்களைத் தம் மாணவர்களோடு இருந்து தமிழாக்கினார். கிறே எழுதிய உடற்கூற்று நூல் 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் வந்தது. 1873 இல் அமெரிக்காவுக்குத் திரும்பிய பின்னும், கப்பல் தபாலில் தாள்களை அனுப்பியும் வாங்கியும் அந்த வேலையைத் தொடர்ந்தார். கிறீனும் அவருடைய தமிழ் மாணவர்களும் ஒரு மேசையில் இருந்து ஒரு எலும்புக்கு என்ன பெயர் வைப்பதென்று கதைத்திருப்பார்கள் அல்லவா? அந்த மேசைதான் எனக்கு முக்கியம். அங்கே யார் ஆசிரியர், யார் மாணவன் என்பது மாறி மாறித்தான் வந்திருக்கும். தமிழ் அவர்களுடையது.

இதற்கு எதிரான பாடமும் அதே மிஷனிலேயே இருக்கிறது. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, அக்காலத்தில் இந்தத் தேசத்தில் வேறெங்கும் இல்லாத உயர்கல்வியைக் கொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், அங்கே படித்தவர்கள். 1855 இல், மிஷனின் தலைமையிடமான பொஸ்டனிலிருந்து, அதன் செயலாளர் றூபஸ் அண்டர்சனின் தூதுக்குழு வந்தது. ஆங்கிலக் கல்வி ஊழியரை உண்டாக்கவில்லை, உத்தியோகத்தரைத்தான் உண்டாக்குகிறது என்று கண்டு, செமினரி மூடப்பட்டது. அண்டர்சன் கெட்ட எண்ணக்காரர் அல்ல. சபை தன் காலில் நிற்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே பரப்ப வேண்டும் என்று உலகுக்குச் சொன்னவரே அவர்தான். ஆனால் தன்னைத் தானே ஆளவேண்டிய சபைக்கு அதன் பெரிய பள்ளிக்கூடத்தை வைத்திருப்பதா மூடுவதா என்ற தீர்மானம் கொடுக்கப்படவில்லை. 1872 இல் இங்குள்ள கிறிஸ்தவர்கள் முன்னின்று யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்கினார்கள். தொண்டிக்கு ஆள் அனுப்பும் துணிவு 1900 இல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் 1872 ஐத்தான் சொல்வேன். தங்கள் பள்ளிக்கூடத்தைத் தாங்களே எழுப்பிய தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள்.

இனி, சொல்ல நாக் கூசுகிற ஒன்றுக்கு வருகிறேன். ஒரே பந்தி என்று நான் சொல்கிறேன். அந்தப் பந்தி எங்களுக்குள்ளேயே எத்தனை காலம் சாதியால் உடைந்து கிடந்தது, கிடக்கிறது என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். 1929 இல், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டுமென்று உத்தரவு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. அவர் யாழ்ப்பாணக் கல்லூரிப் பிள்ளை என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் கோயிலில் பின்வாங்கில் இருக்க வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் என் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் வாய்திறந்து சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். கொரிந்து சபையின் பந்தியைப் பார்த்துப் பவுல் எழுதுகிறார்: “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.” அந்த வசனத்தைத் திருவிருந்துக்கு முன் வாசிக்கும்போது, நான் கொரிந்துவை நினைப்பதில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கிவர, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் வெளிக்கிட்டது. நான் அப்போது இறையியல் மாணவன். கொட்டுகிற மழையில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன கூட்டத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். கோயில்களும் பள்ளிக்கூடங்களும் வீட்டுத் திண்ணைகளும் நிரம்பி வழிந்தன. நாங்கள் தங்கிய கோயில் வளவில் ஒரு கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினோம். யார் அரிசி கழுவினார்கள், யார் அள்ளி ஊற்றினார்கள், யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சைவர்கள் இருந்தார்கள், கத்தோலிக்கர் இருந்தார்கள், எந்தக் கோயிலுக்கும் போகாதவர்கள் இருந்தார்கள். காலையில் ஒரு ஆச்சி தேவாரம் பாடுவா, அது முடிய நாங்கள் சங்கீதம் வாசிப்போம். பிறகு எல்லோரும் வரிசையில் நிற்போம். கிறிஸ்தவ ஐக்கியத்தைப் பற்றி நான் படித்த பாடங்களில் அந்தக் கிடாரத்தடியில் படித்ததே பெரியது. அடுத்த ஆண்டு ஊர் திரும்பினோம். வீடுகளைத் திருத்தினோம், வேலிகளைக் கட்டினோம், சில இடங்களில் பழைய வரிசைகளும் திரும்பி வந்தன. அது என்னை இன்றும் நோகச் செய்கிறது. பயத்திலே ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் சமாதானத்தில் ஏன் தனித்தனியே சாப்பிட வேண்டும்?

சபைகளுக்கு இடையிலும் அதே கேள்விதான். 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த எங்கள் சபைகள் அதில் சேர்ந்து யாழ்ப்பாண ஆதீனமாயின. சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். சபை ஒன்றிப்புக்காக உழைத்த அசரியா, அதைக் காணாமல் 1945 தொடக்கத்தில் இறந்துபோனார். கடலுக்கு அப்பால் கன்னியாகுமரி வரை நாங்கள் ஒரே சபை. நல்லூரில் இருக்கிற ஆங்கிலிக்கன் சபையோடும் பட்டினத்து மெதடிஸ்தரோடும் இன்னும் ஒரே சபை இல்லை. இலங்கையில் சபைகளை ஒன்றாக்கும் முயற்சி 1970களின் தொடக்கத்தில் கைகூடும் தறுவாயில் வழக்குகளால் நின்றுவிட்டது. ஐக்கிய வாரத்தில் ஒருவர் கோயிலில் ஒருவர் பிரசங்கிக்கிறோம். நல்லது. அது போதாது என்று நினைக்கிறவன் நான்.

1910 இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மகாநாடு கூடியது. ஏறத்தாழ 1200 பேர். அவர்களில் ஆசியர் இருபதுக்கும் குறைவு. அந்தச் சபையில் எழுந்து நின்ற அசரியா, மிஷனெரிமாரும் இந்திய ஊழியரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்பதுகூட அரிது என்பதைத் துணிந்து சொன்னார். முடிவில் சொன்னது இது: ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கப்படக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். கேட்டவர்களில் சிலர் கோபப்பட்டார்கள். எட்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் சிறியவர்கள் அனுப்புகிறவர்களாய் இருந்ததைப் பார்த்துவிட்டுப் போன மனிதரின் வாயிலிருந்து அது வந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கையேந்தி நின்றவராக அவர் அதைக் கேட்கவில்லை.

இன்று எங்கள் சபைகளுக்கு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உதவி வருகிறது. போருக்குப் பிறகு எழும்பிய எத்தனையோ கூரைகள் அந்தப் பிள்ளைகளின் இரவு வேலையில் எழும்பியவை. அந்த நன்றி என்னிடம் குறையாது. ஆனால் அன்று பொஸ்டனுக்கும் வட்டுக்கோட்டைக்கும் இடையில் இருந்த ஆபத்து, இன்று எங்கள் சொந்தச் சகோதரருக்கும் எங்களுக்கும் இடையில் வந்துவிடலாம் என்று பயப்படுகிறேன். கொடுக்கிறவர் தூரத்தில், வாங்குகிறவர் இங்கே, நடுவில் ஒரு கணக்குப் புத்தகம்.

சில வருடங்களுக்கு முன், கனடாவிலிருந்து வந்த அண்ணை ஒருவர் என்னிடம் வந்தார். “ஐயா, அப்பான்ர பேரில ஒரு மண்டபம் கட்டித் தரலாமெண்டு நினைக்கிறன். வாசலில ஒரு கல்லு வைக்கலாமோ?”

“வைக்கலாம் அண்ணை. அதுக்கு முதல் என்னோட வன்னிக்கு ஒருக்கா வருவீங்களோ?”

வந்தார். கிளிநொச்சிக்கு அப்பால், தகரக் கூரையின் கீழே கூடுகிற சிறு சபை. பாதிப் பேர் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். ஆராதனை முடிய ஒரு அம்மா எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் தந்தார். அவருடைய குசினியில், பானைக்குப் பக்கத்தில், ஒரு பால்மா ரின் இருந்தது. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் அதற்குள் ஒரு பிடி அரிசி போடுவாராம். மாதம் முடிய அது கோயிலுக்கு. எங்கள் பாட்டிமார் செய்த பிடியரிசிக் காணிக்கை. யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் அது இன்னும் இருக்கிறது? “யாருக்கு அம்மா இந்த அரிசி?” என்று அண்ணை கேட்டார். “நமக்கும் கீழ இருக்கிறவங்களுக்குங்க சார்” என்றார் அவர். முல்லைத்தீவுப் பக்கத்தில், கணவரை இழந்த பெண்கள் சிலருக்கு அந்தச் சபை ஒவ்வொரு மாதமும் அரிசி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கே அது அன்றுதான் தெரியும்.

அண்ணை மண்டபத்தைக் கட்டினார், சிறியதாக. மிச்சக் காசில் அந்தச் சபையின் ஊழியருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். கல் வைக்கவில்லை, அது அவருடைய விருப்பம். அதைவிட எனக்குச் சந்தோஷம் தந்தது வேறொன்று. அந்த அம்மாவின் மகளோடு அண்ணையின் பிள்ளைகள் இப்போதும் தொலைபேசியில் கதைக்கிறார்கள். கணிதத்தில் சந்தேகம் கேட்கிறாள், அவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் தமிழில் பிழைவிட்டால் அவள் திருத்துகிறாள்.

அதற்குப் பிறகு எங்கள் சபைச் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுகிற பலாப்பழம், முருங்கைக்காய், கோழி, நெல்லுப் பணத்தை இதுவரை கட்டட நிதிக்கே போட்டு வந்தோம். அதில் பாதியை வெளியே அனுப்புவோம் என்றேன். எதிர்ப்பு வந்தது. கூரை ஒழுகுகிறது ஐயா என்றார்கள், உண்மைதான், ஒழுகுகிறது. நீண்ட நேரம் கதைத்தோம். மூத்த உபதேசியார் ஒருவர் எழுந்து, நெடுந்தீவில் ஊழியம் செய்த தன் பாட்டனாருக்கு வட்டுக்கோட்டைப் பெண்களின் பிடியரிசியில்தான் சம்பளம் போனது என்று சொன்னார். அதன்பின் தீர்மானம் நிறைவேறியது.

முதல் வருடம் அந்த வன்னிச் சபைக்கு அனுப்பியது சிறு தொகை. காசை மட்டும் அனுப்பக்கூடாது என்பதும் தீர்மானத்தில் இருக்கிறது. வாலிபர் சங்கத்திலிருந்து நான்கு பேர் அதைக் கொண்டுபோய், அங்கே ஒரு கிழமை தங்கி, அவர்கள் வீடுகளில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த பண்டிகைக்கு அங்கிருந்து நான்கு பேர் எங்கள் வீடுகளுக்கு வந்து தங்க வேண்டும். காசை எப்படிச் செலவழிப்பதென்பதை இரண்டு சபையாரும் ஒன்றாக இருந்து தீர்மானிக்க வேண்டும். சென்ற முறை அவர்கள் கேட்டது தையல் மெசினும் இல்லை, கூரைத் தகடும் இல்லை. முல்லைத்தீவுக்குப் போய்வர ஒரு வருடத்துக்கான பெற்றோல். எங்கள் பொருளாளர் முதலில் முகம் சுளித்தார், பிறகு ரசீது எழுதினார். இந்த வருடம் போகிற நான்கு பேரில் அவருடைய மகனும் ஒருவன்.